அடிபட்ட சிறுவனின் சிறுநீரகம்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட எல்லைப்புறக் கிராமங்களில் சிறுவர்கள் கீழே விழுவது ஒரு செய்தியாகக் கருதப்படுவதில்லை. கொல்லாமரமும் அயனியும் பலாவும் மாவும் வீட்டுக்கு வீடு நிற்கின்றன. புரையிடங்களைப் பிரிக்கும் கையாலைகள் ஆள் உயரத்துக்கும் எழும்பியுள்ளன. சரிவான ஊடுவழிகள் பல தேசிய நெடுஞ்சாலையின் விளிம்பில் திடீரென்று வந்து முடிகின்றன. மரத்திலிருந்து விழுந்த பையன் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு நடந்துவிட்டால், அன்றைய பொழுதே அது மறக்கப்படுகின்றது. கை ஒடிந்தால் கண்ணுக்குத் தெரிகின்றது. தலை உடைந்தால் இரத்தம் பெருகுகின்றது. விலாவின் கீழ்ப்புறத்தில் பட்ட அடியோ அவ்வாறன்று.

இத்தகைய அடியை ஊமைக்காயம் என நாட்டு மக்கள் வழங்குவது மிகவும் பொருத்தமே. தோல் கிழியாமலே உள்ளுறுப்பு சிதைவதை அச்சொல் குறிக்கின்றது. சிறுநீர் உறுப்புகளுள் குழந்தைகளிடம் அடிக்கடி இவ்வாறு காயமுறுவது குண்டிக்காய் எனப்படும் சிறுநீரகமே. குழந்தைகளுக்கு நேரும் சிறுநீரகக் காயங்களில் பத்தில் எட்டு அல்லது ஒன்பது இவ்வகையைச் சார்ந்தவை. கத்தி முதலிய கூரிய ஆயுதங்களால் நேர்பவை சிலவே.

வளர்ந்தவர்களைக் காட்டிலும் குழந்தைகளிடம் இவ்வுறுப்பு எளிதில் அடிபடுவதற்குத் தெளிவான காரணங்கள் உண்டு. உடலின் அளவோடு ஒப்பிட்டால் குழந்தையின் சிறுநீரகம் பெரிது. அது சற்றுக் கீழிறங்கியும் அமைந்துள்ளது. எனவே விலா எலும்புகளின் மறைவு அதற்கு முழுமையாகக் கிட்டுவதில்லை. அவ்வெலும்புகளும் முற்றாமல் வளையும் தன்மையுடையவை. அடியின் வேகத்தைத் தாம் ஏற்று முறிவதற்குப் பதிலாக உள்ளே கடத்திவிடுகின்றன. ஆதலால், விலா எலும்பு முறியவில்லை என்பதனால் உள்ளே காயம் இல்லை என்று முடிவு செய்வது பிழையாகும். பெரியவர்களின் சிறுநீரகத்தைச் சுற்றி மெத்தை போன்று இருக்கும் கொழுப்பும், வயிற்றுச் சுவரின் வலிய தசையும் குழந்தைகளிடம் குறைவு. இவையன்றி மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. பிறவியிலேயே சிறுநீர் வடியும் வழி குறுகி, சிறுநீரகம் வீங்கியிருக்கும் குழந்தைகள் உள்ளனர். இரு சிறுநீரகங்களும் கீழ்முனையில் ஒட்டிக் குதிரை லாடம் போன்று அமைந்தவர்களும் உள்ளனர். இக்குறைபாடு வீட்டாருக்குத் தெரியாமலே இருந்துவரும். சிறிய அடிக்குப் பின் சிறுநீரில் இரத்தம் தோன்றினால், அந்த அடியே மறைந்திருந்த குறையை வெளிப்படுத்தியதாகவும் இருக்கலாம். அடி சிறிதாக இருக்க, இரத்தம் அதற்குப் பொருந்தாத அளவில் காணப்படும்போது டாக்டர்கள் ஐயுறுவது இதனாலேயே.

காயம் நேரும் விதங்களுள் சைக்கிளுக்குத் தனி இடம் உண்டு. விளையாட்டின்போது நேரும் சிறுநீரகக் காயங்களில் பந்தாட்டத்தைவிடச் சைக்கிள் சவாரியே முன்னிற்கின்றது எனப் பல நாட்டு அனுபவமும் காட்டுகின்றது. முன்சக்கரம் கல்லில் தட்டித் திரும்பும்போது கைப்பிடியின் முனை வயிற்றிலோ விலாவின் அடியிலோ பாய்கின்றது. ரப்பர் உறை தேய்ந்து வெறும் குழாய் வெளியே தெரியும் கைப்பிடி, வட்டமான ஒரு துளைக்கருவியைப் போன்றது. தோலில் சிறு வட்டத் தழும்பு மட்டுமே தெரியும். உள்ளே சிறுநீரகமோ, மண்ணீரலோ, கணையமோ, சிறுகுடலோ நசுங்கியிருக்கக்கூடும். சிறுவர்கள் பந்தாடுவதைக் கண்டு அஞ்சும் பெற்றோர், அதே சிறுவன் அண்ணனுடைய பழைய சைக்கிளில் உறையற்ற கைப்பிடியோடு சரிவில் இறங்குவதைப் பொருட்படுத்துவதில்லை. பள்ளி வளாகத்தில் நிற்கும் சைக்கிள்களின் கைப்பிடிகளை ஆசிரியர் ஒருவர் மாதத்துக்கு ஒருமுறை பார்வையிடுவதற்குச் செலவு ஏதும் இல்லை. புதிய ரப்பர் உறையின் விலையும் சொற்பமே.

உயரத்திலிருந்து விழுதல் வேறு வகையானது. உடல் தரையில் மோதி நின்ற பின்னும் சிறுநீரகம் தன் வேகத்தில் சிறிது நகருகின்றது. அப்போது அதனைப் பிணைத்துள்ள இரத்தக் குழாயின் உட்சுவர் கிழிந்து அடைபடலாம். சிறுநீர்க்குழாய் சிறுநீரகத்தோடு சேருமிடத்தில் அறுந்துபோதலும் உண்டு. இவ்வகைக் காயத்தில் சிறுநீரில் இரத்தமே வராமலிருக்கலாம். சிறுநீரின் சிவப்பைக் கொண்டு காயத்தின் கடுமையை அளக்க முடியாது என்பதை ஊழியர்கள் மனத்தில் இருத்த வேண்டும். சிறு கன்றலிலும் சிறுநீர் செக்கச் சிவப்பாக இருக்கலாம். குழாய் அறுந்த பேராபத்தில் நீர் தெளிவாகவே இருக்கலாம். சிவப்பு தோன்றினால் அது எச்சரிக்கை. தோன்றாமை உறுதிமொழி அன்று.

ஆயினும் சிறுநீரைப் பார்ப்பதே முதற்காரியம். பள்ளிக் கழிப்பிடத்தில் நீரோடு நீராகக் கலந்து போவதைச் சிறுவன் கவனிப்பதில்லை. கவனித்தாலும் சொல்லக் கூசுகின்றான். பெண் குழந்தைகளிடம் இக்கூச்சம் இன்னும் மிகுதி. விலாவிலோ முதுகின் கீழ்ப்பகுதியிலோ அடிபட்ட எந்தக் குழந்தையும் அடுத்து நீர் கழிக்கும்போது தெளிந்த கண்ணாடிக் குப்பியில் கழிக்குமாறு செய்து, வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். இளஞ்சிவப்பு, தேயிலைச் சாயம், இறைச்சி கழுவிய நீர் ஆகிய எந்த நிறமும் ஐயத்துக்குரியதே. கண்ணுக்குத் தெரியாத அளவில் இரத்தம் கலந்திருப்பதை நுண்காட்டிப் பரிசோதனையே காட்டும். பீட்ரூட் கிழங்கும், காசநோய்க்குத் தரப்படும் ரிபாம்பிசின் மருந்தும் நீரைச் சிவக்கச் செய்வதுண்டு. ஆனால் அடிபட்ட குழந்தையின் சிவந்த நீரை அன்று தின்ற கிழங்கின் மேல் சுமத்திவிடுவது விவேகமன்று.

அடுத்தது நாடித்துடிப்பு. குழந்தையின் உடலில் கிலோ ஒன்றுக்கு ஏறக்குறைய 80 மில்லிலிட்டர் இரத்தம் உண்டு. 25 கிலோ எடையுள்ள மூன்றாம் வகுப்புச் சிறுவனிடம் மொத்தம் 2 லிட்டர். அதில் அரை லிட்டர் உள்ளே கசிந்து போன பின்னும் அவனுடைய இரத்த அழுத்தம் சரியாகவே காணப்படலாம். இளம் உடல் தன் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தைப் பிடித்து நிறுத்துகின்றது. நிறுத்த முடியாத கட்டம் வந்ததும் திடீரென்று சரிந்துவிடுகின்றது. ஆகவே அழுத்தம் சரியாயிருப்பது கண்டு ஆறுதல் கொள்ளலாகாது. அமைதியாகப் படுத்திருக்கும்போதும் இறங்காத வேகமான நாடி, குளிர்ந்த கைகால், வெளிறிய உதடு, விளையாட்டில் நாட்டமின்மை, உப்பிவரும் வயிறு, மீண்டும் மீண்டும் வாந்தி ஆகியவையே முந்திவரும் அடையாளங்கள்.

இங்கு, இவ்வட்டாரத்துக்கே உரிய ஒரு பழக்கத்தைப் பற்றி ஒளிவுமறைவின்றிப் பேசுதல் அவசியம். தென் திருவிதாங்கூரின் பழைய தாலுகாக்களான கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை ஆகியவற்றில் வர்ம வைத்தியம் ஆழ வேரூன்றியுள்ளது. விழுந்தவனையும் அடிபட்டவனையும் முதலில் ஆசானிடம் கொண்டு செல்வது பல தலைமுறைகளாக வந்த வழக்கம். தசைப்பிடிப்பு, சுளுக்கு முதலியவற்றில் ஆசான்களின் கைத்திறனை நம்பி வாழ்ந்த மக்களை ஏளனம் செய்வதால் ஒரு பயனும் விளையாது. ஆனால் அண்மையில் அடிபட்ட விலாவின் கீழே எண்ணெய் தடவி அழுத்துவதும் உழிவதும் குழந்தையின் உயிருக்கே தீங்காக முடியலாம். காயமுற்ற சிறுநீரகத்தைச் சுற்றி உறைந்துவரும் இரத்தமே அப்போதைக்கு அதன் அடைப்பான். கைவிரலின் அழுத்தம் அவ்வடைப்பானைப் பெயர்த்துவிடும். ஊழியர்கள் செய்யத்தக்க சிறந்த காரியம் ஆசானை எதிரியாக்குவது அன்று, அவரையே துணையாக்குவது. விலாவிலோ வயிற்றிலோ அடிபட்ட பிள்ளையைத் தொடாமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்படி ஊர் ஆசான் ஒருவர் சொன்னால், அச்சொல்லை மக்கள் கேட்பர். சுகாதாரத் துறையின் சுவரொட்டியை அவ்வளவாகக் கேளார். வலிக்கு என்று கடையில் வாங்கித் தரப்படும் டைக்ளோபினாக், இபுபுரூபன், ஆஸ்பிரின் மாத்திரைகளும் விலக்கத்தக்கவை. அவை இரத்தம் உறைவதைத் தளர்த்துவதோடு சிறுநீரகத்துக்கும் சுமையாகும். டாக்டர் பார்க்கும் வரை உணவும் பானமும் கொடாதிருப்பது நலம்.

சிகிச்சை முறையில் நேர்ந்துள்ள பெரிய மாறுதல் ஊர் மக்களுக்கு இன்னும் எட்டவில்லை. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில், சிறுநீரகம் கிழிந்தது என்று ஐயம் எழுந்தவுடன் வயிற்றைத் திறந்து பார்ப்பதே தக்கது எனப் பல அறுவை நிபுணர்கள் கருதினர். விளைவு அடிக்கடி ஒன்றாகவே முடிந்தது: சிறுநீரகமே அகற்றப்பட்டது. அதன் காரணம் எளிது. ருமேனிய உடற்கூற்று அறிஞர் ஜெரோட்டாவின் பெயரால் வழங்கும் உறை ஒன்று சிறுநீரகத்தைச் சுற்றி மூடியுள்ளது. கசிந்த இரத்தம் அவ்வுறைக்குள் தேங்கி, இடமின்றி அழுத்தம் கூடி, தன்னைத்தானே நிறுத்திக்கொள்கின்றது. கத்தி அவ்வுறையைத் திறந்ததும் அழுத்தம் விடுபட்டு இரத்தம் மீண்டும் பீறிடுகின்றது. உயிரைக் காக்க உறுப்பை எடுப்பதன்றி வேறு வழி இராது. தானே ஆறியிருக்கக்கூடிய எத்தனையோ சிறுநீரகங்கள் இவ்வாறு இழக்கப்பட்டன.

1971இல் லண்டனில் ஹவுன்ஸ்பீல்டு என்பாரின் கருவியால் முதல் நோயாளியின் தலை படம் பிடிக்கப்பட்டது. அதிலிருந்து வளர்ந்த சி.டி. ஸ்கேன் இந்நிலையை மாற்றியது. வயிற்றைத் திறவாமலே கிழிசலின் ஆழத்தைக் காண இயன்றது. 1989இல் அமெரிக்க விபத்து அறுவை நிபுணர் சங்கம் சிறுநீரகக் காயங்களை ஐந்து படிகளாக வகுத்தது. 2018இல் அது திருத்தப்பட்டது. முதற்படி வெறும் கன்றல். ஐந்தாம் படியில் சிறுநீரகம் சிதறியோ இரத்த ஓட்டம் அற்றோ போகின்றது. அந்நாட்டின் குழந்தைகள் விபத்துச் சிகிச்சைச் சங்கமும் கிழக்குப் பகுதி விபத்து அறுவைச் சங்கமும் 2019இல் சேர்ந்து வெளியிட்ட நெறிமுறை, இரத்த ஓட்டம் நிலையாக உள்ள குழந்தைக்குக் காயம் எந்தப் படியாயினும் அறுவையின்றிச் சிகிச்சை அளிப்பதையே வற்புறுத்துகின்றது. கடுங்காயத்தில் இரத்தக் கசிவு நீடித்தால், தொடையின் இரத்தக் குழாய் வழியே நுண்குழல் செலுத்திக் கசியும் கிளையை மட்டும் அடைப்பது அறுவையைவிட மேலானது என்றும் அது கூறுகின்றது. சிறுநீர் வெளியே கசிந்து தேங்கினால் உட்குழல் ஒன்றை வைத்தோ வடிகுழல் மூலமோ அதனை வடிக்க இயலும். கத்திக்கு உரிய இடம் அடியோடு போய்விடவில்லை. இரத்தம் ஏற்றியும் நிலைப்படாமல் சரிந்துகொண்டே போகும் குழந்தைக்கு அதுவே இறுதி வழி.

இச்செய்தி ஊருக்கு வரும்போது திரிந்து வரும் அபாயம் ஒன்று உண்டு. அறுவை தேவையில்லை என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏன் போக வேண்டும், வீட்டிலேயே படுக்க வைக்கலாமே என்னும் வாதம் அது. படித்தவர்களும் இவ்வாறு பேசுவதுண்டு. கத்தியின்றிச் சிகிச்சை என்பது சிகிச்சையின்மை அன்று. மணிக்கு மணி நாடியும் அழுத்தமும் பார்க்கப்படுகின்றன. இரத்தத்தின் சிவப்பணு அளவு மீண்டும் மீண்டும் சோதிக்கப்படுகின்றது. ஒவ்வொரு முறை கழித்த நீரும் வரிசையாக வைத்து நிறம் ஒப்பிடப்படுகின்றது. இரத்தம் ஏற்றவும், தேவையானால் அந்த நொடியே அறுவைக் கூடத்துக்குக் கொண்டு செல்லவும் ஏற்பாடு ஆயத்தமாக உள்ளது. இந்த ஏற்பாடு இருப்பதால்தான் டாக்டர் கத்தியை எடுக்காமல் பொறுத்திருக்க முடிகின்றது. அது இல்லாத இடத்தில் பொறுத்திருப்பது வெறும் சூதாட்டம்.

இதற்கு நேர்மாறான கட்சியும் உண்டு. விழுந்த ஒவ்வொரு குழந்தைக்கும் உடனே ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று பெற்றோர் சிலர் வற்புறுத்துகின்றனர். அதுவும் ஏற்கத்தக்கதன்று. கதிர்வீச்சு வளரும் உடலுக்கு நல்லதன்று. அதனைத் தக்க காரணமின்றிச் செலுத்தலாகாது. கண்ணுக்குத் தெரியும் இரத்தம், நுண்காட்டியில் ஒரு பார்வைக் களத்தில் ஐம்பதுக்கு மேற்பட்ட சிவப்பணுக்கள், உயரத்திலிருந்து விழுதல் போன்ற வேகமான மோதல், விலாவில் கன்றலும் வலியும் ஆகியவற்றைக் கொண்டு டாக்டர் முடிவு செய்வர். ஒலியலைப் படம் தீங்கற்றது, பின்தொடர்ந்து பார்ப்பதற்கு ஏற்றது; ஆனால் முதல் நாளில் கிழிசலை முற்றும் காட்டுவதற்கு அது போதாது.

எங்கே கொண்டு செல்வது என்பது எல்லைப்புறத்தில் எளிய கேள்வி அன்று. 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஒரே குடும்பத்தின் ஒரு கிளை களியக்காவிளையிலும் மற்றொன்று பாறசாலையிலுமாக வாழ்கின்றது. வடக்கே ஏறக்குறைய முப்பது கிலோமீட்டரில் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியும், அதன் வளாகத்திலேயே குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் உரிய ஸ்ரீ அவிட்டம் திருநாள் ஆஸ்பத்திரியும் உள்ளன. தெற்கே நாகர்கோவில் ஆசாரிப்பள்ளத்தில் கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி உள்ளது. எல்லையை ஒட்டிய காரக்கோணத்தில் டாக்டர் சாமர்வெல் நினைவு மருத்துவக் கல்லூரி நிற்கின்றது. எவரெஸ்ட் சிகரத்தை நோக்கி 1922ஆம் ஆண்டிலும் 1924ஆம் ஆண்டிலும் ஏறிய குழுக்களில் இடம்பெற்று, பின் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் கத்தி பிடித்த அந்த ஆங்கிலேய அறுவை நிபுணரின் பெயர் இவ்வட்டாரத்துக்கு அந்நியமன்று. அக்காலத்தில் நோயாளிகள் கட்டிலில் வைத்துச் சுமந்து செல்லப்பட்டனர். இன்று எல்லைக்கு இருபுறமும் 108 என்னும் ஒரே எண்ணுக்கு ஆம்புலன்ஸ் வருகின்றது. அழைப்பவர் ஊர்ப்பெயரோடு மாநிலத்தையும் மாவட்டத்தையும் முதலிலேயே சொல்லிவிட்டால் குழப்பம் நேராது. ஆம்புலன்ஸ் வரும் வரை குழந்தையை நடக்கவிடாமல் படுக்க வைக்க வேண்டும். இரு சக்கர வண்டியில் நடுவில் இருத்திக் குலுக்கிக்கொண்டு போவது கூடாது. அருகிலுள்ள தாலுகா ஆஸ்பத்திரியில் முதற்சிகிச்சை பெற்று அங்கிருந்து அனுப்பப்படுவது தவறன்று. ஆனால் ஸ்கேன், இரத்த வங்கி, குழந்தைகளைக் கவனிக்கும் அறுவை நிபுணர் ஆகிய மூன்றும் எங்குள்ளன என்பதைத் தலைமையாசிரியரும் சுகாதார ஊழியரும் முன்கூட்டியே விசாரித்துப் பள்ளி அலுவலகத்தில் எழுதி வைத்திருப்பது நலம். எந்த மாநிலத்தின் காப்பீட்டு அட்டை எந்த ஆஸ்பத்திரியில் செல்லும் என்பதும் அதே தாளில் இருக்கட்டும். இரத்தம் கசியும் வேளையில் விசாரிப்பதற்கு நேரம் இராது.

குழந்தையோடு ஒரு துண்டுச் சீட்டு போக வேண்டும். எத்தனை மணிக்கு விழுந்தான், எவ்வளவு உயரத்திலிருந்து, எதன்மேல், எந்தப் பக்கம் அடிபட்டது, சீட்டு எழுதும்போது நாடித்துடிப்பு எவ்வளவு, கழித்த நீரின் நிறம் என்ன, கடைசியாக எப்போது உண்டான் ஆகியவை போதும். தமிழ் மட்டும் பேசும் தாய், மலையாளம் மட்டும் அறிந்த நர்ஸ், இருவருக்குமிடையே அழும் பிள்ளை என்னும் நிலை இவ்வட்டாரத்தில் அரிதன்று. ஐந்து வரிச் சீட்டு அரைமணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

சீட்டில் உண்மையை எழுதுவதற்கும் துணிவு வேண்டும். எல்லா ஊமைக்காயமும் மரத்திலிருந்து வருவதன்று. முதுகில் ஓங்கி விழும் முட்டியும், இடுப்பில் பாயும் உதையும் அதே காயத்தை உண்டாக்கும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் உடல்தண்டனையைத் தடுத்துள்ளது; எனினும் அடித்தவர் வீட்டாராயினும் பள்ளியாராயினும், படியில் வழுக்கி விழுந்தான் என்றே கதை புறப்படுகின்றது. அடித்தவரைக் காப்பதற்காகச் சொல்லப்படும் அக்கதையை நம்பி, விசை குறைந்த காயம் என்று டாக்டர் தவறாகக் கணக்கிட நேரலாம். குழந்தையும் பயத்தால் வாய் திறவாது. அதனைத் தனியே அழைத்து, கோபமின்றிக் கேட்க வல்லவர் பெரும்பாலும் அதன் வகுப்பாசிரியரே.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் கதை முடிந்ததாக வீட்டார் எண்ணுகின்றனர். உண்மையில் ஆசிரியரின் பொறுப்பு அப்போதுதான் தொடங்குகின்றது. முதல் இரண்டு மூன்று வாரங்களில் உறைந்த இரத்தம் கரையும்போது மீண்டும் கசிவு ஏற்படலாம். சிறுநீர் மறுபடி சிவந்தாலோ, காய்ச்சலும் விலா வலியும் கண்டாலோ, மயக்கம் வந்தாலோ உடனே திரும்பச் செல்ல வேண்டும். சிறு காயமாயின் சில வாரங்களும், கடுங்காயமாயின் பல மாதங்களும் ஓட்டம், பந்து, மரமேறுதல், சைக்கிள் ஆகியவை விலக்கப்படுகின்றன. காலத்தை டாக்டர் குறித்துத் தருவார். வலி இல்லாத சிறுவனை மூன்று மாதம் மைதானத்தின் ஓரத்தில் உட்கார வைப்பது எளிதன்று. ஆட்டத்தின் கணக்கெழுதும் வேலையையோ, நடுவரின் ஊதலையோ அவனிடம் கொடுத்த உடற்பயிற்சி ஆசிரியர் வெற்றி பெறுவார். வெறுமனே தடுத்தவர் தோற்பார். சுமையான புத்தகப்பையும் அக்காலத்தில் அவனுக்கு ஆகாது.

இன்னும் ஒன்று உண்டு. மிக எளிதில் விடுபட்டுப் போவதும் அதுவே. ஆறிய தழும்போ, சிறுநீரகத்தை இறுக்கும் பழைய இரத்தக் கட்டியோ சிலரிடம் பிற்காலத்தில் இரத்த அழுத்தத்தை உயர்த்துகின்றது. 1939இல் இர்வின் பேஜ் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் நாயின் சிறுநீரகத்தைச் செலோபேன் தாளால் சுற்றி, அவ்விறுக்கத்தாலேயே அழுத்தம் ஏறுவதைக் காட்டினார். இது குழந்தைகளிடம் அபூர்வமே. ஆயினும் தலைவலி முதலிய அறிகுறி ஏதுமின்றி வருவதாதலால், தேடினால்தான் தென்படும். 2019ஆம் ஆண்டின் நெறிமுறையும் காயம்பட்ட குழந்தையின் அழுத்தத்தைத் தொடர்ந்து பார்க்கும்படி கூறுகின்றது. இதற்குப் பெரிய ஆஸ்பத்திரி தேவையில்லை. ஊர்த் துணை சுகாதார நிலையமே போதும். குழந்தையின் கைக்கு ஏற்ற அகலமுள்ள கைப்பட்டை மட்டும் வேண்டும். பெரியவர்களுக்கான பட்டையைச் சிறு கையில் சுற்றினால் அளவு உண்மையைவிடக் குறைவாகக் காட்டி, உள்ள நோயை மறைத்துவிடும். துணை நிலையங்களுக்குக் கேட்டனுப்பும் பொருட்களின் பட்டியலில் இப்பட்டையைச் சேர்க்க ஊழியர்கள் வற்புறுத்த வேண்டும். எல்லைப்புறப் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பு வரை இப்பக்கமும், பின்னர் அப்பக்கமுமாகப் படிப்பதுண்டு. பள்ளியின் சுகாதாரப் பதிவேடு அவர்களோடு எல்லை கடந்து செல்வதில்லை. எனவே, அடிபட்ட நாள், எந்தப் பக்கத்துச் சிறுநீரகம், காயத்தின் படி, பின்னர் எடுத்த அழுத்த அளவுகள் ஆகியவற்றை ஆஸ்பத்திரிச் சீட்டின் பின்புறத்தில் குறித்து, ரேஷன் அட்டையோடு சேர்த்து வைக்கும்படி தாயிடம் கொடுப்பதே நம்பத்தக்க வழி.